கல்மண்டபத்தில் தைத்த இறக்கை

எனக்கு இருபத்தேழு வயது நடந்தபோது என் எடை நாற்பத்தோரு கிலோ. என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் அதைத்தான் குறையாகச் சொல்லிவிட்டுப் போயின. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு காத்தடிச்சா பறந்துடும் போல கீதே" என்றார். அண்ணிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்த அம்மாள் தெருமுனை தாண்டுவதற்குள் அந்த டம்ளரை மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய்க் கடையில் நான் தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். லாரிக்கும் துறைமுகத்துச் சரக்குக்கும் போர்த்துகிற கனத்த துணி. ஆறு மிஷின், ஐந்து ஆண்கள், நான் ஒருத்தி. என் அண்ணன் திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். அவன், அண்ணி, நான் மூவரும் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணனுக்கு உயிர்த் தோஸ்து ஒருவர் இருந்தார். தண்டையார்பேட்டையில் காயலான் கடை வைத்திருந்தவர். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படியே. கப்பல்களில் ஏறி, கப்பல்காரர்கள் கழித்துப்போடுகிற சாமான்களை எடுத்துவந்து விற்பது அவர் தொழில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாய் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு பித்தளைக் குழாய், அவற்றைச் சுற்றியிருந்த வழவழப்பான காகிதம். குழாயை ஓரமாக உருட்டிவிட்டுக் காகிதத்தைத் தரையில் விரித்துத் தேய்த்தார்.

"மாமு, இத்தப் பாரேன். ஒத்தன் சைக்கிள் ரிக்ஷா மாரி ஒண்ணுல குந்திகினு கீறான். தலைக்கு மேல பெரிய குடை. கீய பாத்தா மரமெல்லாம் தம்மாத்தூண்டு."

இரண்டே பக்கம், ஐந்து படங்கள். எழுத்து எந்த நாட்டுடையது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். கண்ணை இடுக்கிப் பார்த்தான். சாப்பிட்ட கை காய்ந்துபோகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது குடை இல்ல பாய். இறக்கை. குழாயும் துணியும், அவ்ளோதான். பின்னால மோட்டார் சைக்கிள் இன்ஜின்."

"அப்போ நம்ம கிட்டயே எல்லாம் கீதே" என்றார் பாய்.

உண்மையாகவே எல்லாம் எங்களிடம் இருந்தது. பாயிடம் குழாய், அண்ணனிடம் லேத், என்னிடம் ஊசி. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடுத்த எட்டு மாதம் நிற்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

காயலான் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கேதான் ஞாயிறுதோறும் வேலை. படத்தில் இருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் நாங்களே பெயர் வைத்தோம். மூக்கிலிருந்து வால்வரை போகிற நடுக்குழாய் முதுகெலும்பு. மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் விரிகிற குழாய்கள் கைகள். அந்தக் கைகள் மடங்கிவிடாமல் விரித்துப் பிடிக்கிற குழாய் குறுக்குக்கட்டை. அதன் கீழே, ஓட்டுகிறவன் பிடித்துக்கொள்ள ஒரு முக்கோணம். எல்லாம் அலுமினியம். ஏதோ ஒரு பழைய கப்பலில் மேல்தளத்துப் பந்தலுக்கு நட்டிருந்த குழாய்கள் அவை. ஒவ்வொரு கையும் பதினெட்டு அடி. அண்ணன் குழாயின் இரு முனையையும் பீப்பாய் மேல் வைத்து, நடுவில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தான். முதல் குழாய் முருங்கைக்காய் போல வளைந்தது. அப்புறம் உள்ளே இன்னொரு சின்னக் குழாயைச் செருகி இறுக்கினான். மூன்று மூட்டை தாங்கியது. பாய் நான்காவது மூட்டையாகத் தானே ஏறி உட்கார்ந்தார். அப்போதும் தாங்கியது.

படத்தில் இறக்கையின் நடு உச்சியில் ஒரு குச்சி நட்டுக்கொண்டு நின்றது. அது எதற்கு என்று மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. பாய் அதை ரேடியோ ஏரியல் என்றார். அண்ணன், அழகுக்கு வைத்தது, நமக்கு வேண்டாம் என்றான். அதில்லாமலே கூட்டி, தூக்கி நிறுத்தினோம். இரண்டு கைகளும் தொங்கிப்போயின. மழையில் நனைந்த காக்கை மாதிரி இருந்தது. நான் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் குச்சி உச்சியிலிருந்து மெல்லிய கோடுகள் நாலா பக்கமும் இறங்கின.

"அண்ணா, இது கொடிமரம். கம்பி கட்டி இறக்கையைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. பறக்கறப்ப கீய இருக்கற கம்பி இழுக்குது. தரையில நிக்கறப்ப மேல இருக்கற கம்பி தாங்குது. துணி காயப்போடற கொடி தொங்கினா நடுவுல கவக்கோல் குடுக்கறோம் இல்ல?"

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "உன்ன லேத்துக்கு அனுப்பியிருக்கணும், நான் தைக்கப் போயிருக்கணும்" என்றான்.

துணிதான் என்னைப் படாதபாடு படுத்தியது. முதலில் கடையில் வெட்டிப்போட்ட தார்ப்பாய்த் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். இறக்கையைத் தூக்கவே நாலு ஆள் வேண்டியிருந்தது. அப்புறம் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பாராசூட் கிடைத்தது. இலேசுதான், ஆனால் வாயை வைத்து ஊதினால் காற்று அந்தப் பக்கம் போனது. மூன்றாவதாக, பந்தயப் படகு ஒன்றின் கிழிந்த பாயைப் பாய் எங்கிருந்தோ கொண்டுவந்தார். வெள்ளையும் ஆரஞ்சுமாக, தொட்டால் சரசரவென்று காகிதம்போல் சத்தம் போடுகிற துணி. ஊதிப் பார்த்தேன். ஒரு பொட்டுக் காற்று நுழையவில்லை. "பாய் கொண்டாந்த பாய்" என்று அண்ணன் அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பாய் முதல் மூன்று தடவை சேர்ந்து சிரித்தார், அப்புறம் டீ குடிக்கப் போய்விட்டார்.

அளவெடுத்து, குழாய்களுக்கு நடுவே மத்தளத் தோல்போல இறுக்கமாகத் தைத்தேன். எண்ணூர்க் கடற்கரைக்குக் கொண்டுபோய், கயிறு கட்டிப் பட்டம்போல் விட்டுப் பார்த்தோம். ஆள் உயரம் எழும்பியது. உடனே மூக்கால் மணலில் குத்தியது. நாலு தடவையும் அதே கதை. அன்று ராத்திரி படுக்கையில் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ரவிக்கை தைக்கிறபோது அக்குளில் இடம் விடாமல் தைத்தால் கையைத் தூக்கினதும் தையல் பிரியும். உடம்புக்கு இடம் வேண்டும். காற்றுக்கு மட்டும் வேண்டாமா? துணியை முழுக்கப் பிரித்து, நடுவில் இரண்டு பக்கமும் தாராளமாக விட்டு மறுபடி தைத்தேன். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் பட்டமாக விட்டோம். துணி இரண்டு பக்கமும் பானை வயிறுபோல் புடைத்தது. அப்படியே மேலே போய் அசையாமல் நின்றது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த என் கால் மணலைவிட்டு எழுந்தது. அண்ணன் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் நான் அன்றைக்கே போயிருப்பேன்.

கீழே தொங்குகிற வண்டி அண்ணனின் பொறுப்பு. மூன்று சின்னக் காற்றுச் சக்கரம், ஒரு நிமிர்ந்த கம்பம், பின்னால் இன்ஜின். அந்த முழு வண்டியும் இறக்கையின் முதுகெலும்பில் ஒரே ஒரு போல்ட்டில் தொங்கியது. அந்தப் போல்ட்டை அண்ணன் தானே கடைந்தான். மூன்று கடைந்து இரண்டைத் தூக்கிப்போட்டான். நான் அந்த ஒரு போல்ட்டை நம்பவில்லை. நைலான் பட்டையை நாலு மடிப்பாகத் தைத்து, கம்பத்தையும் முதுகெலும்பையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினேன். இன்ஜின் அடிபட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றுடையது, இருநூறு சிசி, டூ ஸ்ட்ரோக்.

அண்ணி இந்தக் கூத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னுவதுபோல் எதையோ பின்னிக்கொண்டிருந்தார். பச்சையும் மஞ்சளும்.

"யாருக்கு அண்ணி கூடை?"

"கூடை இல்ல. சீட்டு. உங்க அண்ணன் கள்ளிப்பெட்டிப் பலகைய வச்சிருக்காரு. வுழறதுன்னா வுழ வேண்டியதுதான், அதுக்குன்னு ஆணி குத்திகினா வுழ முடியும்?"

இன்ஜினுக்குப் பின்னால் சுற்றுகிற விசிறியைக் காத்திவாக்கத்தில் படகு செய்கிற ஒரு மேஸ்திரி செதுக்கித் தந்தார். படத்தில் இருந்தபடியே முறுக்கு, வளைவு எல்லாம் அச்சாக வந்திருந்தது. அதை மாட்டி, எண்ணூருக்கு அந்தண்டை வல்லூர்ப் பக்கம் கைவிடப்பட்ட ஓர் உப்பளத்துக்கு வண்டியை மட்டும் கொண்டுபோனோம். உப்பளத்துத் தரை காய்ந்தால் சிமெண்டுத் தளம் மாதிரி. அண்ணன் சீட்டில் உட்கார்ந்தான். நாங்கள் கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பினோம். அண்ணன் கம்பீரமாக முன்னால் பார்த்தபடி ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி பின்னால் போனது. அவன் இன்னும் மிதித்தான், வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போய் வரப்பில் ஏறிக் கவிழ்ந்தது. பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணீர் வழியச் சிரித்தார்.

மேஸ்திரி மேல் தப்பில்லை. படத்தை முன்பக்கமிருந்து எடுத்ததா பின்பக்கமிருந்து எடுத்ததா என்று யாரும் யோசிக்கவில்லை. இடம் வலம் மாறிவிட்டது. புதிதாகச் செதுக்க இரண்டு மாதம் ஆகும் என்றார் அவர். அண்ணன் ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுத் தட்டின் முன் திடீரென்று, "விசிறிய ஏன் மாத்தணும், இன்ஜின மாத்திச் சுத்த வுடலாமே" என்றான். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எந்தப் பக்கமும் சுற்றுமாம். தீப்பொறி விழுகிற நேரத்தை மட்டும் மாற்றினால் போதுமாம். மாற்றினான். இன்ஜின் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. வண்டி முன்னால் போனது.

இனி இறக்கையை மாட்ட வேண்டியதுதான். ஓட்டப்போவது அண்ணன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஓட்டினான். உப்பளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினான். சக்கரம் முழங்கால் உயரம் எழும்பும், மறுபடி உட்காரும். ஐந்து தடவை அப்படித்தான். பாய் உட்கார்ந்தபோது இடுப்பு உயரம், அவ்வளவுதான். கடைக்குத் திரும்பி, இரும்பு நிறுக்கிற பெரிய தராசில் எல்லாரும் ஏறி நின்றோம். அண்ணன் எண்பத்திரண்டு, பாய் எழுபத்தாறு. நான் ஏறினதும் என் தட்டு அசையவே இல்லை. பாய் எடைக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனார்.

நாற்பத்தொன்றில் என் தட்டு இறங்கியது. நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"நான் ஓட்டறேன்."

"தே, சும்மா கெட" என்றான் அண்ணன்.

"துணி யாரு தச்சது? அது எங்க தாங்கும் எங்க பிரியும்னு எனக்குத்தான் தெரியும். நீ இன்னும் நாப்பது கிலோ எளைக்கறதுக்குள்ள நான் கெய்வி ஆயிடுவேன்."

அண்ணன் உதவிக்கு பாயைப் பார்த்தான். பாய் தராசைப் பார்த்தார். "நைனா, தங்கச்சி சொல்றது நாயம்தான். நீயும் நானும் சரக்கு. பறக்கற ஆளு அது."

அண்ணன் இரண்டு வாரம் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் வண்டியை இறக்கையோடு கொட்டகை உத்தரத்தில் செயின் போட்டுத் தொங்கவிட்டு, என்னை உட்காரவைத்துப் பின்னாலிருந்து ஆட்டினான். முக்கோணத்தின் அடிக்கட்டையை முன்னால் தள்ளினால் மூக்கு மேலே போகும். நெஞ்சுக்கு இழுத்தால் மூக்கு இறங்கி வேகம் கூடும். இதுவரை சரி. ஆனால் வலப்பக்கம் திரும்பக் கட்டையை இடப்பக்கம் தள்ள வேண்டும். சைக்கிள் பழகின எந்தக் கையும் அதற்குச் சம்மதிக்காது. நானும் நூறு தடவை தப்பாகத் தள்ளினேன். "நீ அத்தத் திருப்பாத. நீ நவுரு" என்று கத்திக் கத்தி அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறேன், வலது பக்க ஜன்னலோரம் சாய்ந்து எட்டிப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பு நகர்ந்தது. கட்டை தானாக இடப்பக்கம் போனது. தலைக்கு மேலே இறக்கை வலப்பக்கம் சாய்ந்தது. கால் மட்டும் எனக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. ஆக்சிலேட்டர் தையல் மிஷின் மிதிமாதிரி இருந்தது. பத்து வருஷமாக மிதிக்கிற கால் அது.

அந்த ஞாயிறு விடியற்காலை நான் அண்ணனின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் பேண்ட். இடுப்பில் இரண்டு சுற்றுக் கயிறு. பின்னால் விசிறி சுற்றுமாதலால் அண்ணி என் பின்னலைக் கொண்டையாக முறுக்கி, மேலே துண்டை இறுக்கிக் கட்டிவிட்டார். ஆறு மணிப் பூசைக்கு மணி அடித்தது. நான் கோயிலுக்கு எதிர்ப்பக்கம் நடந்தேன். மடித்த இறக்கை பதினெட்டு அடி நீளத்துக்கு, மீன்கூடை ஏற்றுகிற மீன்பாடி வண்டியில் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு போக, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

"இன்னாய்யா இது?"

"பந்தலு சார், கல்யாணப் பந்தலு" என்றார் பாய்.

போலீஸ்காரர் பேண்ட் போட்டிருந்த என்னையும் பின்னால் கட்டி இழுத்துவந்த மூன்று சக்கர வண்டியையும் பார்த்தார். "பொண்ணு வூடா மாப்ள வூடா?" என்றார். "பொண்ணு வூடு சார்." போகச் சொல்லிவிட்டார்.

உப்பளத்தில் காற்றே இல்லை. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகை குச்சிபோல் நேராக நின்றது. இறக்கையை விரித்து, கம்பிகளை இறுக்கி, ஒவ்வொரு நட்டையும் அண்ணன் கையால் தடவிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "பத்தடி. பத்தடிக்கு மேல போவாத. போனதும் எறங்கிடு."

இன்ஜின் அலறியது. உப்புத்தரை காலுக்கடியில் ஓட ஆரம்பித்தது. சக்கரத்தின் கடகடப்பு பல்லில் தெரிந்தது. கட்டையைக் கொஞ்சம் தள்ளினேன். கடகடப்பு நின்றது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது: சத்தம் போய்விட்டது. கீழே பார்த்தேன், சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தேன், இறங்கினேன். அண்ணனும் பாயும் ஓடி வந்தார்கள். பாய் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். நான் நிறுத்தவில்லை. திருப்பிக்கொண்டு மறுபடி மிதித்தேன்.

இரண்டாவது தடவையும் பத்தடியில் இறங்கத்தான் நினைத்தேன். கர்த்தர்மேல் ஆணையாக நினைத்தேன். ஆனால் வரப்பு எனக்குக் கீழே போனது. அப்புறம் வேலிக்கருவை போனது. அதற்குப் பின் இறங்க இடமில்லாமல் எண்ணூர் உப்பங்கழி வந்துவிட்டது. நான் சிரிக்கத் தொடங்கினேன். வயிற்றுக்குள்ளிருந்து, சின்னப் பிள்ளையைக் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. பனை உயரம். இரண்டு பனை உயரம். தண்ணீர் வெள்ளித் தட்டாகக் கிடந்தது. இடப்பக்கம் புகைபோக்கி, அதற்கு அப்பால் கடல், கடலில் கட்டுமரங்கள் நறுக்கிப்போட்ட நகம்போல. தலைக்கு மேலே நான் தைத்த ஒவ்வொரு தையலும் விறைத்து நின்றது. ஒரு இடத்தில் நூலை வெட்டாமல் விட்டிருந்தேன். அது காற்றில் படபடவென்று துடித்தது. இறங்கியதும் அதை வெட்ட வேண்டும் என்று நினைத்தேன். அந்த உயரத்தில் எனக்கு வந்த நினைப்பு அதுதான்.

வலப்பக்கம் எட்டிப் பார்த்தேன், இறக்கை திரும்பியது. கீழே பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போட்டுவைக்கிற பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு தடவுவார்கள். நான் மேலே வந்ததும் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்தது, பறி தண்ணீரில் விழுந்தது. அடுத்தவளும் பார்த்தாள், அவள் பறியும் விழுந்தது. வரிசையாக ஐந்து பறிகள்.

அப்போதுதான் இன்ஜின் இருமி நின்றது.

பிளக்கில் கரி அடைத்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அமைதிதான். கம்பிகளில் காற்று மெல்ல விசிலடித்தது. பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் உத்தரத்தில் தொங்கிப் பழகினபோது அண்ணன் ஆயிரம் தடவை சொன்னது கையில் இருந்தது: நின்றுபோனால் இழு, வேகத்தை விடாதே. இழுத்தேன். மூக்கு இறங்கியது. தண்ணீர் பெரிதாகிக்கொண்டே வந்தது. முழங்கால் உயரத்தில் கட்டையை முழுக்கத் தள்ளினேன். இறக்கை நிமிர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டதுபோல நின்று, என்னைச் சேற்றில் உட்காரவைத்தது. தண்ணீர் இடுப்புவரை. இறக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

பெண்கள் தண்ணீரை உழக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் வந்தவள் என் தலைத்துண்டைப் பிடித்து இழுத்தாள். கொண்டை அவிழ்ந்தது.

"ஐயே, பொம்பளடி" என்றாள் மற்றவர்களிடம். அப்புறம் என்னிடம், "எங்கேந்து வர்றே?"

"கல்மண்டபம்."

"கல்மண்டபத்துக்கு பஸ்ஸு கீதே" என்றாள்.

நான் மறுபடி சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் சிரித்தாள். ஐந்து பேரும் சிரித்தார்கள். அவர்களுக்குச் சிரிப்பு எதற்கு என்று தெரியாது, என்னால் நிறுத்த முடியவில்லை. இறக்கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் அண்ணன் வரப்பு வரப்பாக ஓடி, இரண்டு இடத்தில் விழுந்து, மார்வரை சேற்றோடு வந்து சேர்ந்தான். என் கன்னத்தில் அறைவான் என்று நினைத்தேன். தோளைப் பிடித்து உலுக்கினான், கையைத் தூக்கிப் பார்த்தான், காலைத் தடவிப் பார்த்தான். நட்டுகளைச் சோதித்த மாதிரியே என்னையும் சோதித்தான். அப்புறம் சேற்றில் உட்கார்ந்து அழுதான். பாய் அவன் முதுகைத் தட்டிக்கொண்டு, "பறந்துச்சு மாமு, பறந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பூசைக்குப் போகவில்லை சாமி என்றேன். ஏன் என்று சாமியார் கேட்டார். பறந்துகொண்டிருந்தேன் என்றேன். அவர் பலகணிக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். "எவ்வளவு உயரம்?" என்றார். "ரெண்டு பனை சாமி." மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். இனிமேல் ஐந்தரை மணிப் பூசைக்கு வந்துவிட்டுப் போ என்றும் சொன்னார்.

அதன்பிறகு ஒன்பது ஞாயிறு பறந்தேன். அண்ணன் இரவுச் சோற்றை விட்டான், டீயில் சர்க்கரையை விட்டான். எழுபத்து மூன்றுக்கு வந்தபோது அவனும் ஒரு நாள் தென்னை உயரம் போய் உப்பளத்தைச் சுற்றி வந்தான். இறங்கினவன் இறக்கையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தான். அண்ணி சுட்ட தோசையை அன்று பத்து தின்றான்.

பத்தாவது ஞாயிறு நாங்கள் இறக்கையை விரித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்தது. காக்கிச்சட்டை அதிகாரி ஒருவர் இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. நிதானமாக வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். இதற்கு லைசென்ஸ் உண்டா என்று கேட்டார். எந்த லைசென்ஸ் என்று அண்ணன் கேட்டான். அதிகாரிக்கும் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளா, படகா, விமானமா என்று தன் நோட்டில் எழுதி எழுதி அடித்தார்.

"பக்கத்துல பவர் ஹவுஸ் இருக்கு, அந்தாண்ட ஹார்பர் இருக்கு. மேல இருந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இதப் பிரிச்சுப் போட்டுடணும், முழுசா இருக்கக் கூடாது. நான் வந்து பாப்பேன்."

அப்புறம் சற்றுத் தயங்கி, சீட்டில் உட்காரலாமா என்று கேட்டார். உட்கார்ந்தார். கட்டையை முன்னால் தள்ளினார். இறக்கையின் மூக்கு எழுந்தது. இரண்டு மூன்று தடவை தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறினார்.

மணி ஒன்பதுகூட ஆகவில்லை. டின்னில் பெட்ரோல் இருந்தது. சாயங்காலத்துக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. நான் ஏறினேன். அன்று கழியைத் தாண்டி, கடலோரம்வரை போய், அலைக்கு மேலே திரும்பி வந்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சத்தமாகப் பாடினேன், இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

இறங்கி வந்தபோது அண்ணி வரப்பில் நின்றார். தூக்குச்சட்டியில் இட்லியோடு பஸ் ஏறி வந்திருந்தார். அந்த எட்டு மாதத்திலும், அதற்குப் பின் நாங்கள் பறந்த ஒன்பது ஞாயிறுகளிலும் வராத அவர் உப்பளத்துக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. சட்டியைப் பாயிடம் கொடுத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் நன்றாகச் சொருகினார்.

"தள்ளிக்கோ" என்றார் என்னிடம்.

"உனக்கு ஓட்டத் தெரியாது" என்றான் அண்ணன்.

"நான் பறக்கவா போறேன்? தரையிலதான் ஓட்டப்போறேன். எதை மிதிக்கணும், அத்தச் சொல்லு."

புடவைத் தலைப்பு விசிறியில் சிக்காமல் நான் துண்டால் சுற்றிக் கட்டினேன். அண்ணன் ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓட, அண்ணி ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தார். நாங்கள் இருவரும் பின்தங்கிவிட்டோம். வெள்ளையும் ஆரஞ்சுமாக இறக்கை உப்பளத்தின் குறுக்கே ஆடிக்கொண்டு போனது. நடுவில் ஒரு இடத்தில் மூன்று சக்கரமும் தரையைவிட்டு ஒரு முழம் எழுந்தன, இறங்கின, மறுபடி எழுந்தன. அண்ணியின் கூச்சல் இன்ஜினைத் தாண்டிக் கேட்டது. அந்தக் கடைசியில் வரப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் மூச்சுவாங்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கட்டையைவிட்டுக் கையை எடுக்காமல், முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தபா" என்றார்.

டின்னில் பெட்ரோல் தீரும்வரை ஓட்டினார். அப்புறம் நால்வரும் வரப்பில் உட்கார்ந்து இட்லியைச் சாப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தோம்.